டூம் மட்டும் போதுமா, எஸ்டிஎல் வேண்டுமா?

கேள்வி: நாங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படிக்கும் மூன்று பேர். இரண்டு வருடமாக ராத்திரியும் லீவு நாட்களும் உட்கார்ந்து சொந்தமாக ஒரு சின்ன இயங்குதளம் எழுதியிருக்கிறோம். 64 பிட் பிசியில் பூட் ஆகிறது. மெமரியைப் பிரித்துக் கொடுக்கிறது, பல புரோகிராம்களை மாற்றி மாற்றி ஓட்டுகிறது, ஃபைல் படிக்கிறது, திரையில் படம் வரைகிறது. எஸ்டிஎல் லைப்ரரியை இதற்கு போர்ட் செய்துவிட்டால் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் தானாக வந்துவிடும், டூம் கூட ஓடும் என்று ஒரு சீனியர் சொன்னார். மூல நிரலைத் திறந்து பார்த்தோம், தலை சுற்றுகிறது. எங்கே கைவைப்பது? எவ்வளவு நாளாகும்?

பதில்: சீனியர் சொன்னது பாதி சரி. மற்ற பாதியை முதலில் தீர்த்துவிடுவோம்.

டூம் ஓட வேண்டும் என்பது மட்டுமே ஆசை என்றால் எஸ்டிஎல் பக்கம் போகவே வேண்டாம். ஐடி சாஃப்ட்வேர் 1993-இல் வெளியிட்ட விளையாட்டு அது. 1997 டிசம்பரில் அதன் மூல நிரலைப் பொதுவில் வைத்துவிட்டார்கள். எங்கு வேண்டுமானாலும் பொருத்திக்கொள்வதற்கென்றே 'டூம்ஜெனரிக்' என்று அதற்கு ஒரு வடிவம் உண்டு. நீங்கள் எழுதித் தர வேண்டியவை ஐந்து ஃபங்ஷன்கள்: தொடங்கு, வரைந்த ஃபிரேமைத் திரையில் போடு, இத்தனை மில்லி செகண்ட் தூங்கு, தொடங்கி எத்தனை மில்லி செகண்ட் ஆயிற்று, எந்தக் கீயை அழுத்தினார்கள். ஃபைல் படிக்கும் சி லைப்ரரி கையில் இருந்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடிகிற வேலை. சத்தம் வராது. துறை விழாவில் கைதட்டல் வரும்.

எஸ்டிஎல்லுக்கு வருவதானால் காரணம் வேறாக இருக்க வேண்டும். சிம்பிள் டைரக்ட்மீடியா லேயர் என்பது அதன் முழுப்பெயர். ஜன்னல், படம், ஒலி, கீபோர்டு, மவுஸ், ஜாய்ஸ்டிக், நேரம் என்று விளையாட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் எல்லாத் தளத்திலும் ஒரே மாதிரி தரும் சி லைப்ரரி. சாம் லாண்டிங்கா 1998-இல் வெளியிட்டார். விண்டோஸ் புரோகிராம் ஒன்றை மேக்கிண்டாஷுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது தோன்றிய யோசனையாம். எழுதியதும் அதை வைத்து அவர் செய்த வேலைகளில் ஒன்று, டூமை பிஓஎஸ் என்ற தளத்துக்குக் கொண்டுபோனது. பிஓஎஸ் அன்றைக்கே யாரும் அதிகம் பயன்படுத்தாத தளம். ஆக, நீங்கள் செய்ய நினைப்பது இந்த லைப்ரரியின் பிறவிக் குணத்தோடு ஒத்துப்போகிற காரியம்தான்.

நூறு விளையாட்டை நூறு தடவை மாற்றுவதற்குப் பதில், நூறும் சாய்ந்து நிற்கும் ஒரு தூணை நட்டுவிடுவதுதான் இதில் லாபம். ஸ்கம்விஎம், டாஸ்பாக்ஸ், சாக்லேட் டூம் எல்லாம் எஸ்டிஎல்லை நம்பி நிற்பவை. ஆனால் 'தானாக வந்துவிடும்' என்பதை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொன்றும் உங்கள் சி லைப்ரரியில் இல்லாத நாலு ஃபங்ஷனைக் கேட்டுக்கொண்டுதான் வாசலில் வந்து நிற்கும்.

இனி எங்கே தொடங்குவது. தலை சுற்றியதற்குக் காரணம், மொத்த நிரலையும் ஒரே பார்வையில் பார்த்தது. அதில் பெரும்பகுதி உங்களுக்கு வேண்டாதது. விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று என்று தளவாரியாகப் பிரிந்து கிடக்கும். நீங்கள் எழுதப் போவது அப்படி ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். மேலே இருக்கும் பொது நிரல் தளத்தை நேரடியாகத் தொடாது. உங்கள் ஃபோல்டர் நிரப்பிக் கொடுக்கும் ஃபங்ஷன் பாயிண்டர் பட்டியல் வழியாகத்தான் பேசும்.

முதல் நாள் வேலை வரைவதில்லை, கம்பைல் செய்வது. தளங்களை அடையாளம் காட்டும் ஹெடர் ஃபைலில் உங்கள் தளத்துக்கு ஒரு பெயர் சேருங்கள். கான்ஃபிக் ஃபைல்களில் 'மினிமல்' என்று ஒன்று இருக்கிறது. ஒன்றுமே இல்லாத தளத்தில் கூட லைப்ரரி கம்பைல் ஆக வேண்டும் என்பதற்காக வைத்திருப்பது. அதை நகலெடுத்துத் தொடங்குங்கள். மெம்காப்பி, ஸ்ட்ரிங் வேலைகள் போன்றவற்றுக்கு எஸ்டிஎல் சொந்தமாகவே நிரல் வைத்திருக்கிறது. உங்கள் சி லைப்ரரி ஒல்லியாக இருந்தாலும் மானம் காக்கும்.

வீடியோவுக்கும் ஆடியோவுக்கும் 'டம்மி' டிரைவர்கள் உண்டு. ஜன்னல் திறந்ததாகப் பாவனை செய்யும், திரையில் எதுவும் வராது. பலரும் இதைப் பொருட்படுத்தாமல் நேரே திரைக்குத் தாவிவிடுவார்கள். நானும் அப்படித் தாவி இரண்டு வாரம் வீணாக்கியவன். திரை கறுப்பாக இருந்தது. தப்பு என் வரைபடப் பகுதியில் என்று தேடித் தேடி, கடைசியில் பார்த்தால் மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன் 16 பைட் எல்லையில் தராமல் இருந்தது. டம்மியில் முதலில் ஓட்டியிருந்தால் அரை நாளில் பிடிபட்டிருக்கும். இன்னொரு வசதியும் இருக்கிறது. எஸ்டிஎல் 2-இன் டம்மி வீடியோவுக்கு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் கொடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமையும் பிஎம்பி படமாக டிஸ்க்கில் எழுதிவிடும். அந்தப் படங்களை லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு எடுத்துப்போய்த் திறந்து பாருங்கள். சரியாக இருந்தால் லைப்ரரி, சி லைப்ரரி, கம்பைலர் மூன்றும் யோக்கியம். அப்புறம் திரையில் கோளாறு வந்தால் அது உங்களுடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒலிக்கும் இதே போல 'டிஸ்க்' என்று ஒரு டிரைவர், சத்தத்தை ஃபைலில் கொட்டும்.

நிஜத் திரைக்கு எட்டு ஃபங்ஷன் போதும். வீடியோவைத் தொடங்கு, மூடு, ஜன்னலை உண்டாக்கு, அழி, ஜன்னலுக்கு ஒரு பஃபர் கொடு, அதைத் திரையில் காட்டு, பஃபரை விடு, இவெண்ட்களை வாரிக்கொடு. கிராபிக்ஸ் கார்டு டிரைவர் கிடையாது என்று கவலைப்படாதீர்கள். எஸ்டிஎல்லின் ரெண்டரர் சாஃப்ட்வேரிலேயே வரைந்து அந்த பஃபரில் போட்டுவிடும், 2டி விளையாட்டுகளுக்கு அது தாராளம். ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். 640க்கு 480, ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு ஃபிரேம் 12,28,800 பைட். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் சுமார் 74 எம்பி. சாதாரண மெமரிக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் வீடியோ மெமரியை ரைட்-கம்பைனிங் முறையில் மேப் செய்யாமல் விட்டால் அங்கேயே இழுக்கும். வீடியோ மெமரியிலிருந்து திரும்பப் படிக்கவே கூடாது, அது ஆமை. எந்தெந்தச் செவ்வகங்கள் மாறின என்ற பட்டியலை எஸ்டிஎல் உங்களுக்குத் தருகிறது. அதை மதித்து அந்தப் பகுதிகளை மட்டும் நகலெடுங்கள்.

லைப்ரரியோடு வரும் டெஸ்ட்ஸ்பிரைட் என்ற சோதனை புரோகிராமை ஓட்டுங்கள். மஞ்சள் நிறத்தில் சிரிக்கும் முகங்கள் திரையெங்கும் முட்டி மோதித் திரியும். அவை ஆகாய நீலத்தில் வந்தால் பயப்பட வேண்டாம், சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கிறது. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும். சிவப்பு இருக்க வேண்டிய பைட்டில் நீலம் உட்கார்ந்தால் பச்சையும் நீலமும் சேர்ந்து அந்த நிறம் வரும். பஃபரின் பிக்சல் ஃபார்மட்டை எஸ்டிஎல்லுக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறீர்கள், ஒரு வார்த்தை மாற்றினால் தீரும். முகங்கள் சாய்ந்து கோடு கோடாக வந்தால் பிட்ச் தப்பு. ஒரு வரிக்கு எத்தனை பைட் என்பதை அகலத்தை நாலால் பெருக்கித் தீர்மானித்திருப்பீர்கள். வன்பொருள் அதற்கு மேலும் சில பைட் வைத்திருக்கும்.

கீபோர்டு அலுப்பான வேலை, கஷ்டமான வேலை இல்லை. எஸ்டிஎல் யுஎஸ்பி தரத்தின் எண்களைப் பயன்படுத்துகிறது. 'ஏ' என்ற கீக்கு அதில் 4. ஹைக்கூ என்ற இன்னொரு சின்னத் தளத்தில் அதே கீக்கு 60. உங்கள் தளத்தில் வேறு ஏதோ. இதற்கு ஒரு அட்டவணை எழுதி ஒவ்வொரு கீயாகத் தட்டிச் சரிபார்க்க வேண்டும். மூவரில் பொறுமைசாலி யாரோ அவரிடம் தள்ளிவிடுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒன்று. உங்கள் கெர்னலின் டைமர் நொடிக்கு 100 முறை அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'ஒரு மில்லி செகண்ட் தூங்கு' என்று விளையாட்டு கேட்டால் 10 மில்லி செகண்ட் கழித்துத்தான் எழுப்புவீர்கள். நொடிக்கு 60 ஃபிரேமுக்கு ஒரு ஃபிரேமுக்கு 16 மில்லி செகண்டும் கொஞ்சமும். அது 20-க்கு உருண்டுபோய் 50 ஃபிரேம்தான் வரும். விளையாட்டு 'ஒரு மாதிரி' இருக்கிறது என்பார்கள், என்ன என்று சொல்லத் தெரியாது. டைமரை 1000-க்கு உயர்த்துங்கள்.

நாள் கணக்கு கேட்டீர்கள். கம்பைல் ஆக ஒரு வாரம், முதல் ஜன்னல் வர இன்னொரு வாரம், கீபோர்டும் மவுஸும் நாலைந்து நாள். ஒலிக்கு ஒரு மாதம் ஒதுக்கிவிடுங்கள். பரீட்சை இல்லாத மாதமாக இருக்கட்டும்.

கேள்வி: ஏற்கனவே எஸ்டிஎல் போர்ட் ஆகியிருக்கும் சின்னத் தளங்களில் எதன் நிரலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்?

பதில்: ஹைக்கூ. நம் பத்திரிகைகள் மூன்று வரிக் கவிதைக்குச் சொல்லும் அதே ஹைக்கூதான். மேலே சொன்ன பிஓஎஸ், ழான்-லூயி காஸே 1990-இல் தொடங்கிய பி நிறுவனத்தின் தளம். அதன் நெட்பாசிட்டிவ் பிரவுசர் பிழைச் செய்திகளை ஹைக்கூ கவிதையாகக் காட்டும். 2001-இல் பாம் நிறுவனம் பி-யின் சொத்துகளை வாங்கிக்கொண்டது. தளத்தை விட மனமில்லாதவர்கள் அதே வருடம் ஓப்பன்பிஓஎஸ் என்ற பெயரில் திரும்ப எழுதத் தொடங்கி, 2004-இல் ஹைக்கூ என்று பெயர் மாற்றினார்கள். ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில் வந்தது. இன்னும் முதல் முழு வெளியீடு வரவில்லை. உங்கள் இரண்டு வருடத்தை நினைத்துச் சோர்வு வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் அதைப் பார்க்கச் சொல்வது சிறியது என்பதற்காக இல்லை. போர்ட் செய்வதில் உண்மையான சண்டை எங்கே நடக்கிறது என்று அங்கே துல்லியமாகத் தெரியும். சண்டை படம் வரைவதில் இல்லை. மெயின் த்ரெட் யாருடையது என்பதில்தான்.

ஹைக்கூவில் ஜன்னல் திறக்க நினைக்கும் எந்தப் புரோகிராமும் முதலில் பிஅப்ளிகேஷன் என்ற ஆப்ஜெக்டை உண்டாக்க வேண்டும். அதன் 'ரன்' ஃபங்ஷனைக் கூப்பிட்டால் புரோகிராம் முடியும் வரை திரும்பாது. செய்திகளை வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். போதாததற்கு ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனியாக ஒரு த்ரெட். எஸ்டிஎல் விளையாட்டோ, மெயின் லூப் என் கையில், நான் கேட்கும்போது இவெண்ட் கொடு என்ற நினைப்பில் எழுதப்பட்டது. ஒரே சமையல்கட்டில் இரண்டு மாமியார்.

எஸ்டிஎல்லின் ஹைக்கூ பகுதி இதை எப்படிச் சமாளிக்கிறது என்று பாருங்கள். தொடக்கத்திலேயே தனி த்ரெட் ஒன்றைக் கிளப்பி பிஅப்ளிகேஷனை அதில் ஓடவிடுகிறது. விளையாட்டின் த்ரெட் 10 மில்லி செகண்டுக்கு ஒரு முறை எட்டிப்பார்த்து, அது எழுந்து தயாராகும் வரை காத்திருந்து, பிறகு தன் வழியில் போகிறது. மவுஸ் நகர்ந்தால் ஜன்னலின் த்ரெட் அதை ஒரு செய்தியாக்கி பிஅப்ளிகேஷனுக்கு அனுப்பும். அது எடுத்து எஸ்டிஎல்லின் இவெண்ட் வரிசையில் போடும். மற்றத் தளங்களில் இந்த வரிசையை நிரப்புவது 'பம்ப் இவெண்ட்ஸ்' என்ற ஃபங்ஷன். ஹைக்கூவில் அந்த ஃபங்ஷன் வெறும் கூடு, உள்ளே ஒன்றும் இல்லை. தண்ணீர் தானே வந்து தொட்டியில் விழுகிறது, பம்பு எதற்கு?

இதற்கு விலை உண்டு, அதை மூடும்போது கொடுக்க வேண்டும். ஹைக்கூவில் ஜன்னலைத் தொடுமுன் அதைப் பூட்ட வேண்டும். வரைவதற்கென்று தனி த்ரெட் வைத்து, விளையாட்டின் த்ரெட் ஜன்னலைப் பூட்டிக்கொண்டு அந்த வரையும் த்ரெட் முடியக் காத்திருக்க, வரையும் த்ரெட் அதே பூட்டுக்குக் காத்திருந்தால் இரண்டும் விடியும் வரை நிற்கும். அந்த ஃபோல்டரைப் படிக்கும்போது தொடங்கும் நிரலை விட அழிக்கும் நிரலைக் கவனமாகப் படியுங்கள். எந்த வரிசையில் எதை விடுகிறார்கள் என்பதில்தான் அனுபவம் தெரியும். அந்தப் பகுதி சி++ மொழியில் இருக்கிறது, ஏனென்றால் ஹைக்கூவின் ஏபிஐயே சி++. எஸ்டிஎல்லின் மற்றப் பகுதியோ சி. இரண்டுக்கும் நடுவில் எல்லைக்கோடு எங்கே போட்டிருக்கிறார்கள் என்பதும் பார்க்க வேண்டிய விஷயம்.

இதற்கு நேர் எதிர்முனை ரிஸ்க் ஓஎஸ். ஏகார்ன் நிறுவனம் 1987-இல் தன் ஏஆர்எம் கம்ப்யூட்டர்களுக்காகக் கொண்டுவந்தது, 2018-இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. அங்கே புரோகிராம்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துத்தான் ஓட வேண்டும். ஒன்று விடாப்பிடியாக லூப்பில் சுற்றினால் டெஸ்க்டாப்பே உறைந்துவிடும். ஃபைல் பெயரில் இன்னொரு வேடிக்கை: நாம் எக்ஸ்டென்ஷனுக்கு வைக்கும் புள்ளி அங்கே ஃபோல்டர்களைப் பிரிக்கும் குறி. நம்முடைய சாய்கோடு அங்கே சாதாரண எழுத்து. 'படங்கள்/முகம்.பிஎம்பி' என்று விளையாட்டு கேட்டால் யாராவது இடையில் நின்று மொழிபெயர்க்க வேண்டும். மவுஸின் மூன்று பட்டன்களுக்கும் அங்கே செலக்ட், மெனு, அட்ஜஸ்ட் என்று பெயர், மெனு வருவது நடு பட்டனில். எஸ்டிஎல்லுக்கு வலது பட்டன் எது என்று சொல்வதிலேயே அரை மணி நேரம் வாதாடலாம்.

கேள்வி: எங்கள் தளத்தில் ஒரு புரோகிராமுக்குள் பல த்ரெட் ஓட்டும் வசதி இன்னும் இல்லை. டைனமிக் லைப்ரரியும் கிடையாது. முதலில் அவற்றை முடித்துவிட்டு வரவா?

பதில்: வேண்டாம், இப்போதே தொடங்கலாம். த்ரெட் இல்லாத தளத்துக்கென்று எஸ்டிஎல்லில் 'ஜெனரிக்' என்று ஒரு வெற்று வடிவம் இருக்கிறது. த்ரெட் கேட்டால் 'இல்லை' என்று மரியாதையாகச் சொல்லும். பிரவுசருக்குள் ஓடும் எம்ஸ்கிரிப்டன் வடிவமும் த்ரெட் இல்லாமல் பழகியதுதான்.

இடிக்கும் இடம் ஒலி. பெரும்பாலான தளங்களில் எஸ்டிஎல் ஒலிக்காக ஒரு த்ரெட்டைத் தானே வைத்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால், பஃபர் காலியானதும் கூப்பிடும் வசதியை உங்கள் சவுண்ட் டிரைவர் தர வேண்டும். த்ரெட் வந்த பிறகும் தலைவலி தீராது. நொடிக்கு 48,000 சாம்பிள், பஃபருக்கு 1,024 சாம்பிள் என்றால் ஒரு பஃபர் ஓடி முடிய 21 மில்லி செகண்ட். உங்கள் ஷெட்யூலர் ஆளுக்கு 10 மில்லி செகண்ட் என்று மூன்று புரோகிராமுக்கு முறை வைத்துக் கொடுத்தால் ஒலியின் முறை வர 30 ஆகிவிடும். பஃபர் தீர்ந்து ஸ்பீக்கர் 'டப் டப்' என்னும். ஒலிக்கு முன்னுரிமை கொடுக்க ஷெட்யூலரில் வழி செய்யாமல் இது தீராது. எஸ்டிஎல் நிரலில் தேடி எந்தப் பயனும் இல்லை. இன்னொன்று, பஃபரை 'அமைதி'யால் நிரப்பும்போது எப்போதும் பூஜ்யம் போடாதீர்கள். குறியில்லாத 8 பிட் ஒலியில் அமைதி என்பது 128. அங்கே பூஜ்யம் என்றால் ஸ்பீக்கர் தோலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்த மாதிரி.

டைனமிக் லைப்ரரி இல்லாதது இன்று பொருட்டே இல்லை. எஸ்டிஎல் 1.2 காலத்தில் லைசென்ஸ் எல்ஜிபிஎல். ஸ்டாட்டிக்காகச் சேர்த்துக் கொடுத்தால், பயனர் லைப்ரரியை மாற்றித் திரும்ப லிங்க் செய்ய வழி வைக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2013-இல் வந்த 2.0 முதல் இசட்லிப் லைசென்ஸ். விளையாட்டோடு ஒட்டித் தைத்துக் கொடுத்துவிடலாம், கேட்பார் இல்லை.

கேள்வி: எஸ்டிஎல் 2 எடுப்பதா, 3 எடுப்பதா?

பதில்: 3. அதன் முதல் நிலையான வெளியீடான 3.2.0 வந்தது 2025 ஜனவரியில். புதிய வேலைகள் எல்லாம் அதில்தான் நடக்கின்றன. பழைய விளையாட்டுகளுக்கு என்ன வழி என்றால், எஸ்டிஎல் 2 அழைப்புகளை வாங்கி 3-க்குக் கைமாற்றும் ஒட்டு லைப்ரரி இருக்கிறது, 1.2 அழைப்புகளை 2-க்குக் கைமாற்றுவதும் இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினால் 2001-ஆம் ஆண்டு விளையாட்டு கூட ஓடும்.

உங்களுக்குக் குறிப்பாக 3-இல் ஒரு லாபம். மெயின் லூப்பை விளையாட்டு வைத்துக்கொள்ளாமல் தொடக்கம், ஒரு ஃபிரேம், ஒரு இவெண்ட், முடிவு என்று நாலு ஃபங்ஷனாக எழுதிக் கொடுத்துவிடும் முறை வந்திருக்கிறது. கூப்பிடும் பொறுப்பு லைப்ரரியுடையது. மேலே சொன்ன இரண்டு மாமியார் சண்டைக்கு இது ஒரு பாகப்பிரிவினை. பழைய விளையாட்டுகள் பழைய மாதிரியே வரும் என்பதால் உங்கள் போர்ட்டில் இரண்டுக்கும் இடம் வேண்டும்.

சிரமம் ஒன்று: 3-ஐ பில்ட் செய்ய சிமேக் வேண்டும், பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் போய்விட்டது. உங்கள் தளத்திலேயே சிமேக் ஓட வேண்டியதில்லை. லினக்ஸில் இருந்தபடி கிராஸ் கம்பைல் செய்ய ஒரு டூல்செயின் ஃபைல் எழுதினால் போதும்.

கேள்வி: எங்கள் விளையாட்டில் மெனு, வசனம் எல்லாம் தமிழில் வேண்டும். எஸ்டிஎல் போர்ட் ஆனால் தமிழும் வந்துவிடுமா?

பதில்: வராது. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களைத் தட்டிக்கொடுக்க வேண்டும், பலர் கடைசி வாரத்தில்தான் கேட்பார்கள்.

எழுத்து வரைவது எஸ்டிஎல் இல்லை, அதன் துணை லைப்ரரியான எஸ்டிஎல் டிடிஎஃப். அது ஃப்ரீடைப்பைப் பயன்படுத்தி ஃபாண்டிலிருந்து வடிவங்களை எடுக்கும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் 'கொ' என்று எழுதிப் பாருங்கள். யூனிகோடில் அது 'க' முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் வரும் இரண்டு குறியீடுகள். திரையில் ஒற்றைக்கொம்பு 'க'வுக்கு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். ஒரு குறியை உடைத்து இரண்டு பக்கமும் வைக்கும் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ். அது இல்லாமல் பில்ட் செய்த டிடிஎஃப் லைப்ரரியில் 'க' தனியே நிற்கும், அதன் பின்னால் கொம்பும் காலும் ஒட்டாமல் தொங்கும். ஃபாண்ட் கெட்டுவிட்டது என்று நினைத்து ஃபாண்ட் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே ஹார்ஃப்பஸ்ஸையும் கூடவே போர்ட் செய்யுங்கள். அது இயங்குதளத்திடம் அதிகம் எதிர்பார்க்காத லைப்ரரி, ஆனால் சி++ கம்பைலர் வேண்டும்.

தட்டச்சு வேறு விஷயம். கீ அழுத்தப்பட்டது என்பதும் எழுத்து உள்ளே வந்தது என்பதும் எஸ்டிஎல்லில் இரண்டு தனித்தனி இவெண்ட்கள். தமிழ் 99 விசைப்பலகையில் இரண்டு கீ தட்டி ஒரு எழுத்து பிறக்கும் என்று நமக்குத் தெரியும். அதனால் கீ இவெண்டை வைத்து எழுத்தை ஊகிக்கும் நிரலை எழுதவே கூடாது. எழுத்து இவெண்டில் யுடிஎஃப்-8 வரும், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். எஸ்டிஎல் 2-இல் அந்த இவெண்டுக்குள் 32 பைட் இடம்தான். 'ஸ்ரீ' ஒன்றே நாலு குறியீடு, 12 பைட். 3-இல் இந்த எல்லை இல்லை. பேக்ஸ்பேஸ் அடித்தால் ஒரு பைட்டை அழிக்காதீர்கள், மீதி இரண்டு பைட் குப்பையாகிவிடும். குறியீடு குறியீடாக அழியுங்கள்: 'கொ'வில் முதல் தட்டில் கொம்பும் காலும் போகட்டும், இரண்டாவது தட்டில் 'க'.

கேள்வி: போர்ட்டை முடித்ததும் எஸ்டிஎல்லின் மூலக் கிடங்கில் சேர்த்துக்கொள்வார்களா?

பதில்: உடனே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், அது நியாயமும் கூட. ஹைக்கூ, ரிஸ்க் ஓஎஸ், பிளேஸ்டேஷன் 2, பிஎஸ்பி, வீட்டா, நின்டெண்டோ 3டிஎஸ் எல்லாம் அங்கே இருக்கின்றன. தளம் சின்னது என்பது தடை இல்லை. ஐபிஎம்மின் ஓஎஸ்/2-வுக்கு எஸ்டிஎல் 2-இல் இடம் இருந்தது, 3-இல் எடுத்துவிட்டார்கள். பொது நிரலில் ஒரு ஃபங்ஷன் பாயிண்டரின் வடிவம் மாறினால் எல்லா ஃபோல்டரிலும் யாராவது மாற்ற வேண்டும். உங்கள் தளம் ஓடும் கம்ப்யூட்டர் அவர்களிடம் இல்லை. மாற்றியது சரிதானா என்று சொல்ல நீங்கள்தான் வேண்டும்.

அதனால் முதல் வருடம் உங்கள் கிளையிலேயே வைத்திருங்கள். பொது நிரலில் கைவைக்க நேர்ந்த இடங்களை மட்டும் சின்னச் சின்னப் பேட்ச்களாக அனுப்புங்கள். த்ரெட் இல்லாத தளத்தில் கம்பைல் ஆகவில்லை என்பது போன்ற திருத்தங்கள் எல்லோருக்கும் பயன்படும், அவற்றை மறுக்க மாட்டார்கள். வெளியீடு வரும்போதெல்லாம் உங்கள் கிளையை அதன் மேல் நகர்த்தி, டெஸ்ட்ஸ்பிரைட்டும் ஒலிச் சோதனையும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். மூன்று வெளியீட்டுக்கு இதை விடாமல் செய்த பிறகு போய்க் கேளுங்கள்.

கல்லூரி முடிந்ததும் மூவரும் மூன்று ஊருக்கு வேலைக்குப் போய்விடுவீர்கள். அதற்கு முன் இந்தப் போர்ட்டை யார் பார்த்துக்கொள்வது என்று பேசி முடிவு செய்து, அவர் பெயரை ரீட்மீ ஃபைலின் முதல் வரியில் எழுதிவிடுங்கள்.